அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்: சென்னையில் வாடகை வீடு, கார், கரண்ட் கார்டு

சென்னையில் வீடு பார்க்கிறவர்கள் ஹாலையும் சமையலறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, புரோக்கர் அவசரப்படுத்தினார் என்று அங்கேயே நின்று டோக்கன் அட்வான்ஸை அனுப்பிவிடுகிறார்கள். பணம் கை மாறின பிறகு நாம் கேட்கிற கேள்விக்கு மதிப்பு குறைந்துவிடும். நானும் என் கணவரும் குரோம்பேட்டை, வேளச்சேரி, மடிப்பாக்கம் என்று தென்சென்னையிலேயே வாடகைக்கு இருந்து வருகிறோம். சொந்தத்தில் யார் வீடு பார்த்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அட்வான்ஸ். 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்றும் அதே பிரிவு விட்டுவைத்திருக்கிறது. இந்த விதிவிலக்கை எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீடு தேடி அலைகிறவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய வழக்கம் இன்னும் சில தெருக்களில் உயிரோடு இருப்பது அதனால்தான்.

வீட்டுக்காரர்களின் பயத்தையும் நான் மறுக்கவில்லை. ஓய்வு பெற்றவர்கள் பலருக்கு மாடி வீட்டு வாடகைதான் மாதச் செலவுக்கு. வாடகை நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அதற்கும் இதே சட்டத்தில் வழி இருக்கிறது: இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் வீட்டைத் திரும்பக் கேட்டு முறையிடலாம். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் ஆறு மாதம் கேட்டவர் மூன்று, நான்குக்கு இறங்கி வருவார். பேசிப் பாருங்கள்.

அடுத்தது கரண்ட். இதில்தான் நிறையப் பேருக்கு மாதா மாதம் பணம் போகிறது. "இந்த வீட்டுக்குத் தனி கார்டு இருக்கா, சப் மீட்டரா?" என்று நேராகக் கேளுங்கள். தனி கார்டு என்றால் அந்த வீட்டுக்கென்று மின்வாரியம் கொடுத்த தனி இணைப்பு; சப் மீட்டர் என்றால் வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த உள் மீட்டர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்; 2016-லிருந்து இருக்கிறது. தனி கார்டு இருந்து 150 யூனிட் ஓடினால் மீதி 50 யூனிட்டுக்குத்தான் காசு. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாங்கும் வீட்டில் அதே 150 யூனிட்டுக்கு 1,350 ரூபாய் கொடுப்பீர்கள். ஒரே இணைப்பில் இரண்டு மூன்று குடித்தனம் ஓடினால் மொத்த யூனிட் கூடி, யூனிட் விலை அதிகமான மேல் ஸ்லாபுக்குப் போய்விடும். அந்தச் சுமையும் உங்கள் தலையில்தான் விழும். அரசு கொடுக்கிற சலுகை, அது யாருக்கு அதிகம் தேவையோ அந்த ஒண்டுக்குடித்தனக்காரருக்குப் போய்ச் சேராமல் பாதி வழியிலேயே நின்றுவிடுவது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். தனி கார்டு இருந்தால் அதில் உள்ள இணைப்பு எண்ணைப் போட்டு பழைய பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சாவி வாங்கும் அன்று மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள்.

கார் வைத்திருப்பவர்கள் "கார் பார்க்கிங் உண்டு" என்ற வார்த்தையோடு திருப்தி அடையாதீர்கள். கையில் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் வேகன் ஆர் 5 அடி 4 அங்குல அகலம். கிரெட்டா என்றால் கிட்டத்தட்ட 6 அடி. அதற்கு மேல் ஓட்டுநர் பக்கம் கதவைத் திறந்து இறங்க இரண்டடியாவது வேண்டும். தூணுக்குத் தூண் அளந்து பாருங்கள். கேட்டுக்கு வெளியே தெருவின் அகலத்தையும் பாருங்கள்; எதிர்வீட்டுக் கார் நிற்கும்போது வண்டியைத் திருப்ப முடிகிறதா என்பது ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனால்தான் தெரியும். எந்த இடம் உங்களுடையது என்பதை ஒப்பந்தத்தில் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் மழை. 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் கண்ட ஊர் இது. தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், கையை வைத்தே காட்டிவிடுவார். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தில் கொண்டுபோய்க் காரை நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு வருடமும் இது நடக்கிறது என்றால், மழை நாட்களுக்கென்று மேட்டுப் பகுதியில் நிறுத்துமிடங்களை மாநகராட்சியே முன்கூட்டி அறிவித்துவிடலாம் அல்லவா? கார் தண்ணீரில் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போய்ப் பழுதானால் சாதாரண காப்பீட்டில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது காரணம். ஆனால் புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும், அதை வாடகை அதிகாரியிடம் இணையதளம் வழியாகப் பதிவதும் தனிக் கடமை. பதிவு எண் கிடைத்துவிட்டால் பின்னால் தகராறு வரும்போது பேச ஒரு பிடி இருக்கும்.

எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் இடம், ஒப்பந்தத்தில் பெயின்டிங் பற்றி எழுதியிருக்கும் வரி. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்குப் பிடித்துக்கொள்வோம் என்று அச்சடித்த மாதிரியிலேயே இருக்கும். சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால் வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, வயரிங், குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை நம் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் அது செல்லும் என்பதால், அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடிக்கச் சம்மதிக்கவில்லையா, "இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் கிடையாது" என்றாவது எழுதி வாங்குங்கள். வீட்டைப் பார்க்க வருவதானால் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. பெண் பிள்ளைகள் தனியாகத் தங்கும் வீடு என்றால் இதை ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள்.

காலி செய்யப் போவதை வாயால் மட்டும் சொல்லாமல் செய்தியாகவும் அனுப்புங்கள். கடைசி நாளில் வீட்டுக்காரரை வரச் சொல்லி, அவர் கூட இருக்கும்போதே ஒவ்வொரு அறையாக வீடியோ எடுங்கள், மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். கழிக்க வேண்டியது எது, எவ்வளவு என்று அங்கேயே ஒரு தாளில் கணக்குப் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். எந்தத் தேதிக்குள் தருவார் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.