ரிசீவரோட மூடியைக் கழட்டாமலே உள்ள என்ன சரக்கு இருக்குன்னு பாக்குறது எப்படி

ஹோம் தியேட்டர் ரிசீவர் (டிவி, பிளேயர்ல இருந்து வர்ற சத்தத்தைப் பெருக்கி எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்புற பெட்டி) வாங்கப்போற முக்காவாசிப் பேர் மொதல்ல பாக்குறது வாட்ஸ் கணக்கையும் முன்னாடி ஒட்டியிருக்கிற லோகோவையும்தான். அட்மாஸ் சரவுண்ட் சத்தம், 8கே படம் எல்லாம் வேணும்தான், வேணாங்கல. ஆனா வருஷக்கணக்கா ஓடுமா, படத்துல வெடிச்சத்தம் வர்ற எடத்துல திணறாம நிக்குமாங்கிறத முடிவு பண்றது உள்ள இருக்கிற பவர் சப்ளையும் சூடு வெளிய போற வழியும்தான். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாம அதை நிறையவே கண்டுபிடிச்சிடலாம். ஒரு டார்ச் லைட்டும், கம்பெனி வெப்சைட்ல கிடைக்கிற ஸ்பெக் ஷீட்டும் போதும்.

மூடியை மட்டும் தயவுசெஞ்சு கழட்டாதீங்க. பிளக்கைப் புடுங்கின பிறகும் உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் சேர்த்தா நூறு வோல்ட்டைத் தாண்டுற செட்டெல்லாம் இருக்கு, அது விளையாட்டு இல்ல.

ஸ்டெப் 1: எடையைப் பாருங்க

ஸ்பெக் ஷீட்ல கடைசி வரியில இருக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. ரிசீவர்ல கனமான பொருள் டிரான்ஸ்ஃபார்மர், அதுக்கடுத்து சூட்டை வெளிய தள்ளுற ஹீட்சிங்க். ரெண்டுமே காசு செலவாகுற ஐட்டம், அதனால கம்பெனி மிச்சம் புடிக்கணும்னா மொதல்ல கை வைக்கிறதும் இங்கதான். ஆரம்ப லெவல் 7 சேனல் (ஒரு சேனலுக்கு ஒரு ஸ்பீக்கர்) ரிசீவர் சுமாரா 8, 9 கிலோ இருக்கும், நடு லெவல் 10ல இருந்து 13 கிலோ, டெனான் ஏவிசி-ஏ1எச் மாதிரி உச்ச மாடல் 32 கிலோ. ஒரே சேனல் எண்ணிக்கை, ஒரே வாட்ஸ் போட்டிருக்கிற ரெண்டு மாடல்ல ஒண்ணு மட்டும் மூணு கிலோ கம்மின்னா, எதைக் கொறச்சாங்கன்னு யோசிங்க. கிளாஸ் டிங்கிற வகை ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) உள்ள மாடல்களை மட்டும் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க, அது கொஞ்சமாத்தான் சூடாகும், பெரிய ஹீட்சிங்க் தேவைப்படாது, அதனால லேசா இருந்தாலும் குறையில்ல.

ஸ்டெப் 2: டார்ச் அடிச்சுப் பாருங்க

பிளக்கைப் புடுங்கிட்டு மேல இருக்கிற காத்து ஓட்டை வழியா சாய்வா டார்ச் அடிங்க, நேரா அடிச்சா மூடியோட பளபளப்புதான் தெரியும். மொதல்ல டிரான்ஸ்ஃபார்மரைத் தேடுங்க. தகடு தகடா அடுக்கி சதுரக் கட்டியா இருந்தா ஈஐ வகை, வளையம் மாதிரி வட்டமா இருந்தா டொராய்டல். டொராய்டல்ல காந்தப்புலம் வெளிய கசியறது கம்மி, அதனால பக்கத்து போர்டுல இரைச்சல் ஏறாது. ஆனா டொராய்டல்னு பேர் கேட்ட உடனே மயங்க வேணாம், சின்ன டொராய்டலைவிட பெரிய ஈஐ மேல்.

அதுக்குப் பக்கத்துல குண்டா உருளையா ரெண்டு கெப்பாசிட்டர் ஜோடியா நிக்கும். ஒண்ணு பிளஸ் சப்ளைக்கு, இன்னொண்ணு மைனஸுக்கு. இது மொட்டைமாடி வாட்டர் டேங்க் மாதிரி, திடீர்னு எல்லா சேனலும் ஒரே நேரத்துல கரண்ட் கேட்டா டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்து முடிக்கிற வரைக்கும் தாங்குறது இதுதான். மேல அச்சடிச்சிருக்கிறதை முடிஞ்சா படிங்க, 10000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட்ங்கிற மாதிரி இருக்கும். முதல் எண் பெருசா இருக்க இருக்க நல்லது. அதுலயே 85 டிகிரி இல்லன்னா 105 டிகிரின்னும் போட்டிருப்பாங்க. இந்த வகை கெப்பாசிட்டருக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு, 10 டிகிரி சூடு கொறஞ்சா ஆயுசு ஏறத்தாழ ரெட்டிப்பாகும். ரிசீவரை மூடின அலமாரிக்குள்ள தள்ளி, மேல ப்ளூரே பிளேயரையும் ஏத்தி வைக்காதீங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றது இதனாலதான்.

ஸ்டெப் 3: ஹீட்சிங்க்

ரிசீவர்ல வழக்கமா இருக்கிற கிளாஸ் ஏபி வகை ஆம்ப் இழுக்கிற மின்சாரத்துல பெரிய பங்கு சூடாவே போயிடும், அந்தச் சூட்டை வெளிய தள்ளுறது இந்த அலுமினியம்தான். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வரிசையா அதுமேல முடுக்கியிருக்கும். தடிச்ச துடுப்புகளோட ஒரே கட்டியா வார்த்த மாதிரி இருந்தா நல்ல சரக்கு. மெல்லிசான தகட்டை மடிச்சு வச்சிருந்தா, அந்த ஆம்ப் ரொம்ப நேரம் சத்தமா ஓடும்போது சீக்கிரம் சூடேறி தானாவே பவரைக் கொறைக்கவோ புரொடெக்‌ஷன்ல போய் ஆஃப் ஆகவோ வாய்ப்பு அதிகம். பக்கத்துல ஃபேன் இருந்தா தப்பில்ல, சத்தமில்லாம ஓடினா சரி.

ஸ்டெப் 4: வாட்ஸ் எண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற குட்டி எழுத்து

இங்கதான் ஜனங்க அதிகமா ஏமாறுறது. "100 வாட்ஸ், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 0.08% டிஸ்டார்ஷன், 2 சேனல் ஓடும்போது"ன்னு இருந்தா நம்பிப் படிக்கலாம். ஓம்ங்கிறது ஸ்பீக்கரோட மின்தடை, டிஸ்டார்ஷன்ங்கிறது சத்தம் சிதையற அளவு. அதே ரிசீவருக்கே "170 வாட்ஸ், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், 1 சேனல்"னும் போட முடியும். 10% டிஸ்டார்ஷன்னா சத்தம் கொழகொழன்னு உடைஞ்சு கேக்கும், அந்த அளவுக்கு யாரும் படம் பாக்க மாட்டாங்க. இந்தக் கூத்து புதுசில்ல. இதை அடக்கத்தான் அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974லயே ஆம்ப்ளிஃபையர் விளம்பரத்துக்கு விதி கொண்டுவந்தாங்க, 2024ல அதை மறுபடி இறுக்கினாங்க. ரெண்டு மாடலை ஒப்பிடும்போது ஓம், அதிர்வெண், டிஸ்டார்ஷன், சேனல், நாலும் ஒண்ணா இருக்கிற வரியை மட்டும் ஒப்பிடுங்க.

பின்னாடி ஸ்டிக்கர்ல 500 வாட்ஸ்னு பவர் கன்சம்ப்ஷன் போட்டிருக்கே, அப்புறம் எப்படி 7 சேனலுக்கும் 100 தரும்னு நிறையப் பேர் கேப்பாங்க. அந்த எண் வழக்கமா முழு பவர்ல எடுத்ததில்ல, பாதுகாப்பு டெஸ்ட்ல எட்டுல ஒரு பங்கு அவுட்புட்ல ஓடவிட்டு அளக்குறது. அதை வச்சு உச்ச பவரைக் கணக்குப் போடாதீங்க. ஆனா எல்லா சேனலும் ஒரே நேரத்துல முழு 100 கொடுக்காதுங்கிறது பெரும்பாலான ரிசீவருக்கு உண்மைதான்.

ஸ்டெப் 5: பின்பக்கம்

ஸ்பீக்கர் டெர்மினல் எல்லாமே திருகுற பைண்டிங் போஸ்டா, இல்ல சிலது அமுக்குற ஸ்பிரிங் கிளிப்பான்னு பாருங்க. விரலால லேசா ஆட்டினா பேனலோட சேர்ந்து ஆடக்கூடாது. எச்டிஎம்ஐ வரிசைக்குப் பக்கத்துல ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தா ரொம்ப நல்லது, இல்லன்னா கனமான கேபிள் தொங்கித் தொங்கி உள்ள சோல்டர் விட்டுப்போகும். ப்ரீ-அவுட் (ஆம்ப் பெருக்குறதுக்கு முன்னாடியே சிக்னலை வெளிய எடுக்கிற சாக்கெட்) இருந்தா விடாதீங்க, பிற்பாடு தனி பவர் ஆம்ப் சேர்க்க அதுதான் வழி.

டிஏசி சிப் (டிஜிட்டல் சிக்னலை அனலாகா மாத்துற சிப்) பேரைத் தேடி ராத்திரி முழுக்க உக்காராதீங்க. 2020 அக்டோபர்ல ஜப்பான்ல நோபெயோக்கா ஊர்ல இந்த சிப் செய்யற ஏகேஎம் கம்பெனியோட ஆலை தீப்பிடிச்சப்போ எத்தனையோ கம்பெனி வேற சிப்புக்கு மாறினாங்க. வீட்டு ஹால்ல அந்த வித்தியாசத்தைவிட ஸ்பீக்கரை ஒரு அடி நகத்தினா வர்ற வித்தியாசம் பெருசு.

ஸ்டெப் 6: ஆன் பண்ணி கேளுங்க

ஆன் பண்ணின சில நொடில "டக்"னு ஒரு ரிலே (தானா இயங்குற ஸ்விட்ச்) சத்தம் வரணும், உள்ள எல்லாம் சரியா இருக்குன்னு பாத்துட்டு ஸ்பீக்கரை இணைக்கிற சத்தம் அது. காதை மேல கொண்டுபோய் டிரான்ஸ்ஃபார்மர் உறுமுதான்னு கேளுங்க, ரெண்டடி தள்ளியும் கேட்டா வேணாம். செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க செட்டிங்ஸ்ல இருக்கிற டெஸ்ட் டோனை ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியா, கம்மி வால்யூம்ல போட்டுப் பாருங்க. ஒரு சேனல் மட்டும் கம்மி சத்தத்துல காணாமப்போய், வால்யூமைக் கூட்டினதும் திரும்பி வந்தா, பெரும்பாலும் அந்த ரிலேயோட கான்டாக்ட் கறுத்துப்போயிருக்கும். தெரிஞ்ச மெக்கானிக் கையில சின்ன வேலைதான், ஆனா அதைச் சொல்லி விலையைக் கொறைக்கக் கேளுங்க.