தாயகத்தில் மடிக்கணினிக்கு இணையம்: கையில் இருக்கும் போனே போதும்

இலங்கைக்கு ஒரு மாதம் போகிறோம். இரண்டு வாரம் விடுமுறை, மிச்சம் இரண்டு வாரம் அங்கிருந்தே வேலை. புலம்பெயர்ந்த நாடுகளில் இருப்பவர்கள் பலர் இப்போது இப்படித்தான் பயணம் போடுகிறார்கள். தங்கப்போகும் வீட்டில் வைஃபை இருந்தால் நல்லதுதான். ஆனால் கரண்ட் போனால் ரவுட்டரும் கூடவே படுத்துவிடும். போனுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் டேட்டாவை 'ஹாட்ஸ்பாட்' போட்டு மடிக்கணினிக்குக் கொடுக்கத் தெரிந்தால், வீட்டில் வைஃபை இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்கவே தேவையில்லை.

முதலில் சிம். நீங்கள் வாழும் நாட்டு சிம்மின் ரோமிங்கிலேயே சமாளிக்கலாம் என்று நினைத்தால், திட்டத்தின் சின்ன எழுத்துகளை வாசியுங்கள். 'அன்லிமிடெட்' என்று சொல்லும் திட்டங்களிலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனியான உச்ச அளவு வைத்திருப்பது சாதாரணம். உள்ளூர் சிம்தான் நிம்மதி. கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே கவுண்டர்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம்.

உங்கள் போன் வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்குமா என்பதைப் புறப்படும் முன்பே பாருங்கள். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய போன்களை விற்கக் கூடாது என்பது விதி. அதற்கு முன் வாங்கியதாகவோ வேறு நாட்டில் தவணைக்கு எடுத்ததாகவோ இருந்தால் சந்தேகம்தான். அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14-இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் சிம் போடும் இடமே கிடையாது. அந்தப் போன் வைத்திருப்பவர்கள் கவுண்டரில் இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) என்று கேட்டு வாங்க வேண்டும்.

பழைய சிம்மை அணைத்துவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிட்டு, டேட்டாவுக்கு உள்ளூர் சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் 'அலோ செல்லுலர் டேட்டா ஸ்விட்சிங்' என்று ஒன்று இருக்கும். அதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் உள்ளூர் சிக்னல் குறையும் நேரத்தில் போன் தானாகவே மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தாவக்கூடும்.

அடுத்தது டேட்டா பொதி. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பெரிய எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டு, அதில் பாதி, இரவில் மட்டும் செல்லும் 'இரவு டேட்டா' என்பதைப் பிறகு கண்டுபிடிப்பார்கள். சில பொதிகள் யூடியூபுக்கோ சமூக வலைத்தளங்களுக்கோ மட்டும் செல்லும். மடிக்கணினி வேலைக்கு எந்நேரமும் எதற்கும் செல்லும் டேட்டா எவ்வளவு என்பதை மட்டும் கேளுங்கள். இன்னொன்று, அலுவலக விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைத்து அலுவலகம் வழியாக அனுப்பும் இணைப்பு) போட்டிருந்தால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது சிம் நிறுவனத்துக்குத் தெரியாது. அதனால் யூடியூப் பொதி இருந்தாலும் விபிஎன் வழியாகப் பார்க்கும் வீடியோ பொது டேட்டாவில்தான் கழியும். டொரொண்டோ நேரத்துக்கு வேலை செய்பவர்களுக்கு மட்டும் இரவு டேட்டா ஓரளவு உதவும்: அங்கே கோடையில் காலை 9 மணி என்றால் இலங்கையில் மாலை 6.30, மாலை 5 மணி என்றால் அதிகாலை 2.30.

எவ்வளவு டேட்டா தேவை? கணக்கு சுலபம். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் தொடர்ந்து ஓடினால் மணிக்கு 450 எம்பி. வீடியோ அழைப்பில் போகவும் வரவும் அந்த அளவு ஓடினால் மணிக்கு 900 எம்பி, கிட்டத்தட்ட ஒரு ஜிபி. கேமராவை அணைத்துவிட்டுப் பேசினால் இதில் சின்னப் பங்குதான். மின்னஞ்சலும் ஆவணங்களும் கணக்கிலேயே வராது.

ஆனால் உங்கள் வேலையை விட உங்களைக் கேட்காமல் மடிக்கணினி செய்யும் வேலைதான் அதிகம் தின்னும். தான் ஊரில் ஒரு போனின் தயவில் இருப்பது அதற்குத் தெரியாது. வைஃபை கிடைத்தது என்று மட்டும்தான் தெரியும். ஒருமுறை போய் இறங்கிய அன்றிரவு ஹாட்ஸ்பாட்டை அணைக்காமல் தூங்கிவிட்டேன். காலையில் மடிக்கணினி புத்தம்புது அப்டேட்டுடன் பளபளவென்று இருந்தது, ஒரு வாரப் பொதி முடிந்திருந்தது.

விண்டோஸ் என்றால் அந்த ஹாட்ஸ்பாட்டின் வைஃபை பண்புகளுக்குள் போய் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதைப் போடுங்கள்; பின்னணியில் தானாக இறங்குவது குறையும். மேக்கில் அதே இடத்தில் 'லோ டேட்டா மோட்' இருக்கும். இது ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி அமைப்பு. ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினாலோ வைஃபையை விட்டு யூஎஸ்பி வயருக்கு மாறினாலோ மறுபடியும் போட வேண்டும். ஒன்டிரைவ், ஐகிளவுட் புகைப்படங்கள், டிராப்பாக்ஸ் ஆகியவற்றைக் கையாலேயே நிறுத்திவைப்பது இன்னும் பத்திரம். ஊரில்தானே படங்களை ஆயிரக்கணக்கில் எடுப்போம்.

இணைப்பது பெரிய வித்தை இல்லை. ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் 'ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்', ஐபோனில் 'பர்சனல் ஹாட்ஸ்பாட்'. ஐபோனில் முதல்முறை இணைக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்திருங்கள். மூடிவிட்டால் மடிக்கணினியின் கண்ணில் படாமல் போகலாம். அந்தத் தேர்வே காணாமல் போயிருந்தாலோ, போனில் இணையம் ஓடியும் மடிக்கணினிக்கு வராவிட்டாலோ, பெரும்பாலும் ஏபிஎன் என்ற அமைப்பில்தான் (சிம் நிறுவனத்தின் இணையத்தோடு போன் சேரும் வாசலின் பெயர்) சிக்கல். ஐபோனில் ஹாட்ஸ்பாட்டுக்கான ஏபிஎன் கட்டம் தனியாகவே இருக்கிறது. சிம் வாங்கும் இடத்திலேயே மடிக்கணினியையும் இணைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தால், பிறகு யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

வைஃபையா வயரா? வயர் உறுதியானது, போனுக்கும் சார்ஜ் ஏறும். ஆனால் மலிவான வயர்கள் சில சார்ஜுக்கு மட்டுமே, உள்ளே டேட்டா கம்பி இருக்காது. போனில் 'யூஎஸ்பி டெதரிங்' (வயர் வழியாக இணையம் கொடுப்பது) என்ற தேர்வு மங்கலாகவே இருந்தால் முதலில் வயரைச் சந்தேகியுங்கள். வைஃபைக்கும் ஒரு நன்மை உண்டு: சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரம் போனை வைத்துவிட்டு நீங்கள் உள்ளே மேசையில் உட்காரலாம். நடுவில் சுவர் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். அது 5-ஐ விட மெதுவானாலும் சுவரைத் தாண்டும். ஐபோன் 12-இலிருந்து 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற தேர்வு இதைத்தான் செய்கிறது. புளூடூத் வழியும் இருக்கிறது. மின்னஞ்சல் பார்க்க மட்டும் சரி.

ஜன்னலோரம் என்றேன், வெயிலில் இல்லை. 35 டிகிரிக்கு மேல் ஐபோனைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. ஹாட்ஸ்பாட், சார்ஜ், வெயில் மூன்றும் சேர்ந்தால் எந்தப் போனும் சூடேறி மெதுவாகிவிடும். உறையைக் கழற்றி மின்விசிறிக் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் கொஞ்சம் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் "மாமா, வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்று வந்து நிற்கும்போது இல்லையென்று சொல்ல மனம் வராது. நான் சொல்லிவிட்டு, வேலை தொடங்கும் முன் கடவுச்சொல்லை மாற்றிவிடுவேன். ஹாட்ஸ்பாட்டின் பெயரில் உங்கள் முழுப் பெயர் தெரிகிறதா என்றும் பாருங்கள்; ஐபோனில் போனின் பெயரே அப்படியே வெளியே தெரியும்.

புறப்படும் முன் உங்கள் வீட்டிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, போனை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் வேலை செய்யுங்கள். ஐபோனை வயரில் விண்டோஸோடு இணைக்க மடிக்கணினியில் ஆப்பிளின் மென்பொருள் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டை வயரில் மேக்கோடு இணைப்பது எல்லாப் போன்களிலும் சரிவராது. இதையெல்லாம் வேகமான இணையம் கையில் இருக்கும்போதே கண்டுபிடித்து இறக்கிவைத்துவிடலாம். காத்திருக்கும் அப்டேட்டுகளையும் அப்போதே முடித்துவிடுங்கள்.