பயத்தில் விடுகிற பிழைகள்: ஆண்களுக்கிடையிலான உறவும் எச்.ஐ.வி. தடுப்பும்

யாழ்ப்பாணத்தில் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் விடுகிற பிழைகள் பலவற்றுக்கு, "ஆரும் கண்டுபோடுவினமோ" என்ற பயம்தான் வேர்.

தெரிந்த பாமசியில், உறவின்போது உரசலைக் குறைக்கப் பூசும் ஜெல் கேட்கக் கூச்சப்பட்டு, குசினியில் இருக்கிற தேங்காயெண்ணெயை எடுக்கிறார்கள். எண்ணெய் பட்ட லேற்றெக்ஸ் ஆணுறை சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, உறவின்போதுதான் கிழியும். வாசலின், பேபி ஒயில், கிறீம் எல்லாம் இப்படித்தான். எச்சிலோ உடனே காய்ந்துவிடும். குதவாயின் உட்தோல் மெல்லியது, போதிய ஈரம் சுரக்காதது. உரசலில் எளிதாகக் காயப்படும். தண்ணீரையோ சிலிக்கனையோ அடிப்படையாகக் கொண்ட ஜெல்லை ஆணுறையின் வெளிப்புறத்தில் தாராளமாகப் பூசுங்கள்.

அம்மா கண்டுவிடுவா என்று மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே மாதக்கணக்கில் ஒளித்து வைத்த ஆணுறை, சித்திரை வெயிலில் பழுதாகும். திகதியைப் பாருங்கள். பக்கற்றை விரலால் அமத்தினால் உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும், இல்லையென்றால் எறிந்துவிடுங்கள். பல்லால் கிழிக்காதீர்கள். நுனியைக் கிள்ளிப் பிடித்தபடி அடிவரை உருட்டுங்கள். விந்து வந்ததும், விறைப்புத் தளர முதலே, அடியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள்.

ஆணுறை கிழிந்தபின் நாளைக் கடத்துவதுதான் மிகவும் மனவருத்தம் தரும் பிழை. உறவுக்குப் பிறகு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க எடுக்கும் பெப் (PEP) குளிசையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். முந்தினால் முந்தின அளவுக்கு நல்லது. பிறகு 28 நாளும் விடாமல் எடுக்க வேண்டும். வெள்ளி இரவு நடந்திருந்தால் திங்கள் இரவோடு நேரம் முடிகிறது. சனிக்கிழமையே வைத்தியசாலைக்குப் போய், "உறவில் ஆணுறை கிழிந்துவிட்டது, பெப் வேண்டும்" என்று சொன்னால் போதும். யாழ். போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனை இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

உறவுக்கு முன்கூட்டியே எடுக்கும் பிரெப் (PrEP) தடுப்புக் குளிசையைச் சிநேகிதனிடம் வாங்கி விழுங்காதீர்கள். ஏற்கெனவே தொற்று இருந்தால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அதனால்தான் முதலில் பரிசோதனை. தினமும் எடுத்தால் குதவழி உறவில் பாதுகாப்புக் கிடைக்க 7 நாட்களாகும். சிபிலிசையும் கொனோரியாவையும் பிரெப் தடுக்காது, வாய்வழி உறவிலும் அவை தொற்றும்.

மறுகிழமையே பரிசோதித்து "நெகற்றிவ்" என்று நிம்மதி அடைவதும் பிழை. ஆய்வுகூடப் பரிசோதனைக்கு 45 நாட்கள், விரலில் குத்தும் உடனடிப் பரிசோதனைக்கு 90 நாட்கள் கழிய வேண்டும். தொற்று இருக்கிறதா என்று அறிவதற்காக இரத்ததானம் செய்யவே கூடாது. மிகப் புதிய தொற்று சோதனையில் தப்பி நோயாளிக்குப் போய்விடலாம்.

"ஆள் துப்புரவானவன்" என்று முகம் பார்த்துத் துணிபவர்கள், எச்.ஐ.வி.க்கு மருந்தெடுப்பவரைக் கண்டு ஒதுங்குகிறார்கள். ஒழுங்காக மருந்தெடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தவரிடமிருந்து உறவின் மூலம் எச்.ஐ.வி. தொற்றாது. தொற்று இருப்பதே தெரியாமல், மருந்தெடுக்காமல் இருப்பவரிடமிருந்து அது வரலாம்.