30 செகண்ட் ஷட்டர் தொறந்து வச்சா சென்சார் போயிடுமா? முதல் லாங் எக்ஸ்போஷர் எடுக்குறது எப்படி

படத்த பதிவு பண்ற சென்சார் எரிஞ்சிடும்னு பயந்தே நிறைய பேர் லாங் எக்ஸ்போஷர், அதாவது ஷட்டர பல செகண்ட் தொறந்து வச்சு படம் எடுக்கறது, பக்கம் போறதில்ல. ரொம்ப நேரம் ஷட்டர் தொறந்திருக்கறதால சென்சாருக்கு ஒண்ணும் ஆகாதுங்க. சூடேறி படத்துல அங்கங்க கலர் கலரா ஹாட் பிக்சல் வரும், அவ்ளோதான். சென்சார கெடுக்கறது லென்ஸ் வழியா குவியுற வெயில். அதனால கன்னியாகுமரி மாதிரி எடத்துல சூரியன் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி, வள்ளுவர் சிலைய சுத்தி இருக்குற அலைய எடுத்துப் பழகுங்க.

லென்ஸ் மாத்தறத ரூம்லயே முடிச்சிடுங்க, கடற்கரையில கழட்டினா உப்புக் காத்தும் மணலும் உள்ள போயிடும்.

ட்ரைபாட நல்லா ஊனிட்டு லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன (கை ஆட்டத்த சரிக்கட்டுற வசதி) ஆஃப் பண்ணுங்க. ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/8. சிலை மேல ஃபோகஸ் வச்சு மேனுவலுக்கு மாத்திட்டு, அப்புறம்தான் என்டி ஃபில்டர் (வெளிச்சத்த குறைக்கற கருப்புக் கண்ணாடி) போடணும், ஏன்னா போட்டப்புறம் ஒண்ணுமே தெரியாது. ஃபில்டர் இல்லாம கேமராவோட லைட் மீட்டர் 1/30 செகண்ட் காட்டுச்சுன்னா 10 ஸ்டாப் ஃபில்டருக்கு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும்) அத பத்து தடவ டபுள் பண்ணுங்க, 1/15, 1/8னு போயி கிட்டத்தட்ட 30 செகண்ட்ல நிக்கும். 2 செகண்ட் டைமர் வச்சு கிளிக் பண்ணுங்க, கை பட்டா ஆடிடும்.

கேமராவுல லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் ஆன்ல இருந்தா ஷாட் முடிஞ்சும் கேமரா இன்னொரு 30 செகண்ட் பிஸியாவே இருக்கும். ஷட்டர மூடி வச்சு அதே நேரத்துக்கு ஒரு கருப்புப் படம் எடுத்து அந்த ஹாட் பிக்சல் புள்ளிங்கள கழிக்குது, பதறி பேட்டரிய கழட்டிடாதீங்க.

இப்ப முக்கியமான விஷயம். சூரியன் மேல ஏறி கண்ணு கூச ஆரம்பிச்சதும் கேமராவ வேற பக்கம் திருப்பிடுங்க, இல்ல லென்ஸ் மூடிய போடுங்க. பூதக்கண்ணாடியில பேப்பர் எரியிற கதைதான் உள்ள நடக்குது, தூரத்துல இருக்கறத பெருசா காட்டுற டெலி லென்ஸ்னா இன்னும் மோசம். டிஎஸ்எல்ஆர்ல உள்ள இருக்குற மிரர் சென்சார மறைச்சு நிக்கும், ஆனா ஸ்கிரீன்ல பாத்து எடுக்குற லைவ் வியூல அதுவும் இல்ல, மிரர்லெஸ்ல ஆன்ல இருக்கும்போது எப்பவுமே சென்சார் மேலதான் வெளிச்சம் விழுது. என்டி 1000 (அந்த 10 ஸ்டாப் ஃபில்டர்தான்) இருக்கேன்னு நம்பி டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர்ல சூரியன பாத்துடாதீங்க, கண்ணே போயிடும்! அது ஆயிரத்துல ஒரு பங்கு வெளிச்சத்த விடும், சூரியன பாக்கவே செஞ்ச சோலார் ஃபில்டர் விடுறது லட்சத்துல ஒரு பங்குதான்.

கச்சேரி, திருவிழாவுல லேசர் லைட் போட்டாங்கன்னா அங்க ட்ரைபாட் வைக்கவே வேணாம், நேரா லென்ஸ்ல ஒரு நொடி அடிச்சாலே பிக்சலுங்க செத்து படத்துல கோடு விழுந்துடும்.