கடவுச்சொல்லை மாற்றிய பின் கணக்கு பூட்டிக்கொண்டால் எங்கே தேடுவது

விண்டோஸ் டொமைனில் (பயனர் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) இயங்கும் அலுவலகங்களில் கடவுச்சொல் மாற்றும் கெடு வந்துபோன மறுநாள், உதவி மேசைக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி ஒரே வகையானவை. புதிய கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்பார்கள். அல்லது காலையில் உள்ளே நுழைய முடிந்தது, சற்று நேரத்தில் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது என்பார்கள். உடனே இன்னொரு புதிய கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது தீர்வே அல்ல. பல நேரங்களில் சிக்கலைப் பெரிதாக்கும். கோளாறு பெரும்பாலும் புதிய கடவுச்சொல்லில் இருப்பதில்லை, பழையதை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கருவியிலோ நிரலிலோதான் இருக்கிறது.

முதலில் திரையில் வரும் செய்தியைப் பயனரிடம் அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் தவறு என்பதும் கணக்கு பூட்டப்பட்டுள்ளது என்பதும் இரு வேறு சிக்கல்கள். தவறு என்று வந்தால், கேப்ஸ் லாக்கையும் நுழைவுத் திரையின் கீழ் மூலையில் தெரியும் விசைப்பலகை மொழியையும் பாருங்கள். அமெரிக்க ஆங்கில விசைப்பலகைக்குப் பதில் பிரிட்டன் ஆங்கிலம் தேர்வாகியிருந்தால், @ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். சரியாகத் தட்டச்சு செய்தோம் என்று பயனர் உறுதியாகச் சொல்வதில் பிழையே இருக்காது. கண் வடிவப் பொத்தானை அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எந்த நிலையிலும் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுமாறு பயனரிடம் கேட்க வேண்டாம்.

வீட்டிலிருந்து வேலை செய்பவரின் மடிக்கணினி தனிக் கவனம் கோருகிறது. அலுவலக வலையமைப்பை எட்ட முடியாதபோது, விண்டோஸ் தன்னிடம் சேமித்து வைத்துள்ள முந்தைய நுழைவு விவரத்தைக் கொண்டே பயனரைச் சரிபார்க்கிறது. ஆகவே கடவுச்சொல் வேறொரு கணினியிலோ உதவி மேசை வழியாகவோ மாற்றப்பட்டிருந்தால், அந்த மடிக்கணினிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. பழைய கடவுச்சொல்லால் உள்ளே நுழைந்து, புதியதைக் கொடுத்து அலுவலக வலையமைப்புக்கான விபிஎன் இணைப்பை ஏற்படுத்தி, இணைப்பு இருக்கும்போதே திரையைப் பூட்டிப் புதிய கடவுச்சொல்லால் திறக்க வேண்டும். அப்போதுதான் சேமிப்பில் உள்ள விவரம் புதுப்பிக்கப்படும். இந்தக் கடைசிப் படியைத் தவறவிடுபவர்களே மறுநாளும் அழைக்கிறார்கள்.

கிளை அலுவலகங்களில் சர்வர்களுக்கு இடையிலான தாமதமும் காரணமாகலாம். மாற்றம் ஒரு டொமைன் கன்ட்ரோலரில், அதாவது பயனர் கணக்குகளை வைத்திருந்து சரிபார்க்கும் சர்வரில், பதிவானதும், பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பை வகிக்கும் கன்ட்ரோலருக்கு உடனே தெரிவிக்கப்படும். வேறு இடங்களில் உள்ள கன்ட்ரோலர்களுக்கு அது போய்ச் சேர, இயல்பு அமைப்பில் 180 நிமிடம் வரை கூட ஆகலாம். தன்னிடம் உள்ளதோடு பொருந்தாத கடவுச்சொல் வரும்போது, கிளையின் கன்ட்ரோலர் அதை நிராகரிக்கும் முன் பிடிசி எமுலேட்டரிடம் கேட்டுக்கொள்வதால் இந்தத் தாமதம் வழக்கமாக வெளியே தெரிவதில்லை. இரண்டுக்கும் இடையிலான இணைப்பு அறுந்திருந்தால் மட்டும், பழையது வேலை செய்யும், புதியது செய்யாது. கணினியின் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தாலும் டொமைன் பயன்படுத்தும் கெர்பரோஸ் என்ற சரிபார்ப்பு முறை தோற்கும் என்பதால் நேரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி, கணக்கு திரும்பத் திரும்பப் பூட்டிக்கொள்ளும் சிக்கலுக்கு வருவோம். பொறுமை மிகவும் தேவைப்படுவது இங்கேதான். என்டிஎல்எம் என்ற பழைய சரிபார்ப்பு முறையில் நடக்கும் வலையமைப்பு நுழைவுகளுக்கு, மாற்றிய பின்னும் 60 நிமிடம் வரை பழைய கடவுச்சொல்லை ஏற்பது விண்டோஸ் சர்வரின் இயல்பு அமைப்பு. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காக இயங்கிய கோப்புறைகள் பிறகு மறுக்கத் தொடங்குகின்றன. அதேபோல், தவறாக வந்த கடவுச்சொல் அந்தப் பயனரின் வரலாற்றில் உள்ள கடைசி இரண்டில் ஒன்றாக இருந்தால், பூட்டுவதற்காக எண்ணப்படும் தவறான முயற்சிகளில் அதைச் சர்வர் பொதுவாகச் சேர்ப்பதில்லை. உதவி மேசை அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் புதியதைப் போடும்போது, கைபேசியில் தங்கியிருக்கும் பழைய கடவுச்சொல் அந்த இரண்டுக்கும் அப்பால் தள்ளப்பட்டுவிடும். அதன் பிறகு அது அனுப்பும் ஒவ்வொரு முயற்சியும் தவறாக எண்ணப்பட்டுக் கணக்கைப் பூட்டும்.

பூட்டியது யார் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. தணிக்கைப் பதிவு இயக்கப்பட்டிருந்தால், பிடிசி எமுலேட்டரில், பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவர் என்ற நிரலில், பாதுகாப்புப் பதிவில் 4740 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுங்கள். முயற்சி எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பது அதில் இருக்கும். அந்தக் கணினிக்குச் சென்று 4625 நிகழ்வைப் பார்த்தால், நுழைவின் வகையும் பல வேளைகளில் எந்த நிரல் முயன்றது என்பதும் தெரியும். டொமைன் கன்ட்ரோலரின் பதிவில் உள்ள 4771 நிகழ்வு, கெர்பரோஸ் முயற்சி வந்த ஐபி முகவரியைத் தரும். 4740-இல் இருப்பது மின்னஞ்சல் சர்வரின் பெயரோ வைஃபை சரிபார்ப்பு சர்வரின் பெயரோ என்றால், குற்றவாளி அதுவல்ல, அதன் வழியாக வரும் ஏதோ ஒரு கைபேசி; அடுத்து அந்த சர்வரின் பதிவைத்தான் படிக்க வேண்டும்.

கைபேசியில் ஐயம் இருந்தால், அதைச் சற்று நேரம் விமானப் பயன்முறையில் வைத்துப் பூட்டு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அலுவலக வைஃபையை மறக்கச் செய்து புதிய கடவுச்சொல்லுடன் மீண்டும் இணைத்து, மின்னஞ்சல் கணக்கையும் புதுப்பிக்க வேண்டும். கணினியில் கன்ட்ரோல் பேனலில், சேமித்த கடவுச்சொற்களை வைத்திருக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து அலுவலக சர்வர்களுக்கான பழைய பதிவுகளை நீக்குங்கள். கடவுச்சொல்லுடன் சேமித்து வைத்த நெட்வொர்க் டிரைவ்களைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். வெளியேறாமல் துண்டிக்கப்பட்டு, ஏதோ ஒரு சர்வரில் நாட்கணக்கில் கிடக்கும் ரிமோட் டெஸ்க்டாப் அமர்வுகளை யாரும் நினைப்பதே இல்லை. அவற்றை முழுமையாக வெளியேற்ற வேண்டும். ஸ்கேன் செய்ததைப் பகிர்வுக் கோப்புறைக்கு அனுப்பும் நகல் இயந்திரத்தில் எவரோ ஒருவரின் கணக்கு பதிந்திருப்பதும் அடிக்கடி வெளிப்படும் காரணம்தான்.

இவற்றையெல்லாம் துப்புரவு செய்த பிறகே கணக்கின் பூட்டை நீக்குங்கள். பூட்டை நீக்குவது போதும். கடவுச்சொல்லைத் தொட வேண்டியதில்லை. மறு வேலைநாள் முழுவதும் 4740 நிகழ்வு மீண்டும் வருகிறதா என்று கவனியுங்கள், ஏனெனில் இரவில் ஓடும் திட்டமிட்ட பணிகள் அதுவரை மௌனமாக இருந்திருக்கலாம். அத்தகைய பணிகளையும் சேவைகளையும் ஊழியர் ஒருவரின் பெயரில் ஓட விடுவதே அடிப்படைத் தவறு என்பது என் உறுதியான கருத்து. விண்டோஸ் சர்வர் 2012 முதல் கிடைக்கும் குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுன்ட் வகைக் கணக்குகளுக்கு, இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை டொமைனே கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும் என்பதால், அந்த வகையை ஏற்கும் எல்லாச் சேவைகளையும் அவற்றுக்கு மாற்றிவிடுங்கள்.