கெர்னல்-பவர் 41ஐ நம்பி எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அண்ணன் மகன் போன் செய்தான். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய கணினி, மூன்று வாரமாக நினைத்த நேரத்தில் அப்படியே நின்றுவிடுகிறதாம். "கண்டுபிடித்துவிட்டேன் சித்தப்பா. பவர்தான் பிரச்சினை. விண்டோஸே 'கெர்னல்-பவர் 41' என்று எழுதி வைத்திருக்கிறது. புது எஸ்எம்பிஎஸ் வாங்க அப்பாவிடம் பணம் கேட்டிருக்கிறேன்" என்றான். எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வாக்கியத்தை 2020இல் நான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், கிட்டத்தட்ட இதே உற்சாகத்தோடு.

அதன் பிறகு அக்கம்பக்கத்திலும் அலுவலகத்திலுமாக இருபது முப்பது கணினிகளைத் திறந்து பார்த்திருப்பேன். புதிதாகப் பூட்டுகிறவர்கள் நான் விழுந்த குழிக்கே வழி கேட்டுக்கொண்டு வருகிறார்கள். தூசி தட்டாதது, கூலருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டியது, வயரைப் பாதி செருகியது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். மற்றத் தவறுகள் இவை.

எப்படி நின்றது என்று பார்க்காமலே ரீசெட் அழுத்துவது

திரை நின்றதும் கை தானாகக் கேபினெட்டுக்குப் போகிறது. ஒரு நிமிடம் பொறுங்கள். கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) விசையை அழுத்தி, அதன் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். அதில் படம் உயிர்பெற்றால் சந்தேகத்தைக் கிராபிக்ஸ் பக்கம் திருப்பலாம்.

மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை, அரை நிமிடம் கழித்து எல்லாம் ஒன்றாக மளமளவென்று திறக்கின்றன என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். விண்டோஸ் தன் குறிப்புகளை எழுதி வைக்கும் ஈவென்ட் வியூவரில் 129 என்ற எண்ணில், டிஸ்க்கை ரீசெட் செய்த குறிப்புகள் வரிசையாக இருக்கும். அது கேபிளில் இணையும் சாட்டா டிஸ்க் என்றால், டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்' பட்டியலில் சிஆர்சி பிழை (தகவல் கடத்தும்போது வரும் பிழை) எண்ணிக்கையையும் பாருங்கள். நாளுக்கு நாள் அது ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க்கை மாற்றும் முன் சாட்டா கேபிளை மாற்றுங்கள். என் தங்கை வீட்டில் புது எஸ்எஸ்டிக்கு ஆர்டரே போட்டுவிட்டார்கள். என் மேஜை டிராயரில் கிடந்த பழைய கேபிள் ஒன்றில் அந்தக் கதை முடிந்தது.

நம் லாக் விளக்கும் மாறவில்லை, ஸ்பீக்கரில் பாட்டின் ஒரு துணுக்கு மட்டும் 'ர்ர்ர்' என்று அறுத்துக்கொண்டிருக்கிறது என்றால் விஷயம் பெரும்பாலும் ஆழமானது. அடுத்த தவறு தொடங்குவதும் அங்கேதான்.

'பவர்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறுவது

2019இல் ஏஎம்டியின் ரைசன் 5 3600 ப்ராசஸர் போட்டு ஒரு கணினி பூட்டினேன். டிடிஆர்4 வகை, 3600 வேகம், 8 ஜிபி ரேம் இரண்டு. ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை என்றானதும், அதே நிறுவனம், அதே மாடல் எண் பார்த்து இன்னும் இரண்டு வாங்கி, காலியாக இருந்த ஸ்லாட்டுகளில் செருகினேன். பத்து நாள் கழித்து முதல்முறை நின்றது. பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை, நான்கு நாளைக்கு ஒருமுறை. ஒருநாள் அலுவலக மீட்டிங்கில், பாதி திறந்த வாயோடு என் முகம் பதினைந்து பேர் முன்னால் நின்றுபோனது.

ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். சிவப்பு வட்டம், 'கிரிட்டிக்கல்', கெர்னல்-பவர், 41. நின்ற ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த வரி சொல்வது இவ்வளவுதான்: சென்ற முறை இந்தக் கணினி முறையாக ஷட் டவுன் ஆகவில்லை. கணினி மறுபடி எழுந்த பிறகு, 'நேற்று நான் படுத்தது நினைவில்லையே' என்று விண்டோஸ் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. நின்றுபோன கணினியின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தது யார்? நான்தான். என் விரல் செய்த காரியத்தை நானே தடயமாக எடுத்து வைத்துக்கொண்டு துப்பறிந்திருக்கிறேன். அதே வரியின் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்' என்று ஒன்று இருக்கும். அங்கே பூஜ்ஜியம் அல்லாத எண் இருந்தால் யாரோ பட்டனைப் பிடித்து அணைத்திருக்கிறார்கள் என்று பொருள். 'பக்செக் கோடு' பூஜ்ஜியமாக இருந்தால், நீலத் திரையில் பிழை எண் எழுதக்கூட அவகாசம் கிடைக்காமல் கணினி நின்றிருக்கிறது. இரண்டும் என் கண் முன்னால் இருந்தன. நான் படித்தது 'பவர்' என்ற ஒரே சொல்லை.

முதலில் எஸ்எம்பிஎஸ். நன்றாக இருந்த 550 வாட்டைக் கழற்றிவிட்டு 750 வாட் வாங்கினேன், ஏழாயிரத்துச் சொச்சம். இரண்டு நாள் ஓடியது. வீட்டில் பெருமை பேசினேன். மூன்றாம் நாள் நின்றது. அப்படியானால் வீட்டு மின்சாரமே சரியில்லை என்று முடிவுகட்டி யுபிஎஸ் வாங்கினேன், இன்னும் ஆறாயிரம். நின்றது. அடுத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கொல்லையில் எர்த் குழியைத் தோண்டி, கல்லுப்பும் அடுப்புக்கரியும் கொட்டி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மூடினார். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று குத்திக்கொண்டிருந்தது அன்றோடு போயிற்று. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். கணினி மறுநாள் மாலை நின்றது.

காரணம் ரேம். ஆனால் நான்கில் ஒன்றுகூடப் பழுதில்லை. அந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் வேகம், இரண்டு ரேம் என்றால் 3200. நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் ஒற்றை ரேங்க் (சிப்கள் ஒரே தொகுதியாக இருக்கும்) ரேமுக்கு 2933, இரட்டை ரேங்குக்கு 2667. நான் பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது பாகங்களை அமைக்கும் நிரலில், எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பைப் போட்டு நான்கையும் 3600இல் விரட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியிலேயே 3600 என்று அச்சிட்டிருக்கிறதே என்றால், அது ரேமுக்கு உரிய எண். அந்த ரேமை மேய்க்கும் மெமரி கன்ட்ரோலர் இருப்பது ப்ராசஸருக்குள். எக்ஸ்எம்பி என்ற பெயர் எவ்வளவு சாதுவாக ஒலித்தாலும், 1.2 வோல்ட்டில் ஓட வேண்டிய டிடிஆர்4ஐ பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓட்டும் ஓவர்கிளாக், அதாவது விதித்த வேகத்தை மீறும் ஓட்டம்தான் அது. ஒரே பெட்டியில் வரும் ரேம்களைத்தான் சேர்த்துச் சோதித்து விற்கிறார்கள். ஒரே மாடல் எண் என்றாலும் உள்ளே இருக்கும் சிப் மாறலாம். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், ஸ்டிக்கரின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த பதிப்பு எண் பழைய ஜோடிக்கு ஒன்றாகவும் புது ஜோடிக்கு வேறாகவும் இருப்பதைக் கவனித்தேன்.

பயாஸில் 3600ஐ 2933 ஆக்கினேன். அதன் பிறகு நிற்கவில்லை. ஒரு பைசா செலவில்லை.

பணம் போனதுகூட ஆறிவிட்டது. எக்ஸ்எம்பியை அணைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும், அதை நான் ஏழு வாரம் செய்யவில்லை என்பதுதான் இன்றும் எரிச்சல் மூட்டுகிறது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் குறைப்பதா என்ற கஞ்சத்தனம், வேறொன்றுமில்லை.

எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகாது என்று சொல்ல வரவில்லை. கேபினெட்டோடு சும்மா வரும் '450 வாட்' பெட்டிகளை நான் தொடக்கூட மாட்டேன். ஆனால் எஸ்எம்பிஎஸ் தளர்ந்தால் பெரும்பாலும் கணினி பட்டென்று அணையும், அல்லது தானே ரீஸ்டார்ட் ஆகும். படம் அப்படியே நிற்க, விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தால் கையை முதலில் ரேம் பக்கம் கொண்டுபோங்கள்.

ஃபார்மட் போடுவது

பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி, அதிலிருந்து ஒருநாள் ஓட்டுங்கள். அங்கேயும் நின்றால் கோளாறு விண்டோஸில் இல்லை, ஃபார்மட்டால் பயனில்லை.

ஒரே நாளில் மூன்றை மாற்றுவது

பயாஸ் அப்டேட், புது டிரைவர், ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகுவது என்று எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிட்டு, எதனால் சரியானது என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? இதில் ஒரு நுணுக்கமான ஏமாற்று உண்டு. பயாஸை அப்டேட் செய்தால் பல மதர்போர்டுகளில் எக்ஸ்எம்பி அணைந்து பழைய நிலைக்குப் போய்விடும். கணினி நிற்பதில்லை, அப்டேட்தான் காப்பாற்றியது என்று நினைக்கிறோம். ஒரு வாரம் கழித்து நினைவு வந்து எக்ஸ்எம்பியைப் போடுகிறோம். மறுபடி நிற்கிறது. நின்று நின்று ஓடும் கணினியில் பயாஸ் அப்டேட் செய்வதென்றால் அதற்கு முன்பே எல்லா அமைப்பையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாதியில் நின்றால் மதர்போர்டே போய்விடலாம்.

பாரம் ஏற்றி மட்டும் சோதிப்பது

இரவு முழுக்கக் கணினிக்குப் பாரம் ஏற்றிப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓடுகிறது, கேம் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. காபி போட்டுக்கொண்டு திரும்பி வந்தால் நின்றிருக்கிறது. சும்மா இருக்கும்போது நிற்கும் நோய் தனி. 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசன்களில் இது பேர்போனது. வேலை இல்லாதபோது ப்ராசஸர் மிகக் குறைந்த மின்சாரத்துக்கு இறங்கிவிடும். அங்கிருந்து எழ மாட்டாது. பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிப்பிகல் கரன்ட் ஐடில்' என்று மாற்றினால் பலருக்குச் சரியானது. அவ்வளவு குறைந்த இழுப்பைத் தாங்காத பழைய எஸ்எம்பிஎஸ்களுக்காக வந்த ஏற்பாடு இது. ஆக, இந்த ஒரு இடத்தில் அண்ணன் மகன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் வைத்துக்கொண்டு பயாஸைத் தொடாமல் இருப்பது

அளவுக்கு மீறிய வோல்ட்டேஜால் இந்த டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் தேய்ந்துபோவதை இன்டெல்லே 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தம் கொடுத்தது. அது பயாஸ் அப்டேட்டோடு வரும். அது இனி வரும் தேய்மானத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. பாதிக்கப்படும் மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள். பில்லைத் தேடி எடுங்கள்.

மெம்டெஸ்ட்டை ஒரு சுற்றில் நிறுத்துவது

ரேமில் பிழை தேடும் நிரல் மெம்டெஸ்ட். இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான்.

இரண்டு நாளில் வெற்றி அறிவிப்பது

மூன்று நாளைக்கு ஒருமுறை நிற்கும் கணினி இரண்டு நாள் நிற்காமல் ஓடியதில் என்ன அதிசயம்? நிற்கும் இடைவெளி எவ்வளவோ அதைப்போல மூன்று மடங்கு நாள் காத்திருப்பது என் கணக்கு.

அண்ணன் மகனிடம் எக்ஸ்போவை அணைக்கச் சொன்னேன். அவனுடையது டிடிஆர்5 ரேம்; அதில் ஏஎம்டி பக்கத்தில் எக்ஸ்எம்பிக்கு இருக்கும் தம்பியின் பெயர் எக்ஸ்போ. "வேகம் குறைந்துவிடுமே" என்று முனகினான். நான் பேசிய அதே தொனி. அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தவன், இரண்டே நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டு, "திரையே வரவில்லை சித்தப்பா, செத்துவிட்டது" என்றான். எதையும் தொடாதே, டிடிஆர்5 தன்னைப் புதிதாகப் பழக்கிக்கொள்கிறது, சில நிமிடம் ஆகும் என்றேன். போனை வைக்காமல் இருவரும் சும்மா காத்திருந்தோம். வந்தது.

இன்று எட்டாவது நாள். அவனுக்கு ஒன்பது நாள் கணக்கு. அண்ணன் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று எஸ்எம்பிஎஸ் பணத்தை எடுத்து வைத்திருக்கிறார். நான் என் பரணிலிருந்து அந்த 550 வாட்டை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்.