நாலு நோயாளிகளும் ஒரு நோட்டும்

எங்கள் வீட்டில் இப்போது நாலு நாய்கள். நாலுமே எங்களுடையவை அல்ல. உடம்பு தேறி ஒரு நல்ல வீடு அமையும் வரை எங்களிடம் இருப்பவை. கருப்பி மேல் வண்டி ஏறியதில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மணிக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்துபோன பிறகு வலிப்பு. வெள்ளையம்மாவுக்கு உண்ணிக் காய்ச்சல். நாலாவது, போன வாரம் வந்த குட்டி, இன்னும் பின்னறையில் தனியாக இருக்கிறது. தாம்பரம் பக்கம் சின்ன வீடு. நான், என் வீட்டுக்காரர், அம்மா மூவரும் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் மருந்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் நோட்டிலிருந்து ஆரம்பிப்பேன். போன வருடம் ஒரு காலையில் மணிக்கு வலிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து அவரும் கொடுத்துவிட்டார். அன்று முழுக்க மணி கால் தள்ளாடிச் சுவரில் இடித்துக்கொண்டது. டாக்டருக்குப் போன் செய்து, அவர் சொன்னபடி ராத்திரி வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கே சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு நோட்டும் பேனாவும் கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.

ஒவ்வொரு நாய்க்கும் தனிப் பக்கம். எத்தனை மணிக்கு, என்ன மாத்திரை, எவ்வளவு, கொடுத்தது யார். மாத்திரை தொண்டைக்குள் போன பிறகுதான் கையெழுத்து, எடுக்கும்போது அல்ல. சாப்பிட்டதா, ஒன்றுக்கும் இரண்டுக்கும் போனதா என்பதும் அதே வரியில். மாத்திரை சாப்பிட்டதும் வாந்தி எடுத்தால் நேரத்தை எழுதிவிட்டு டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக மறுபடி கொடுக்க வேண்டாம். வாரம் ஒரு முறை எடையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, உங்கள் எடையைக் கழித்தால் போதும். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போகும் நாளில் அந்த நோட்டும் என் பைக்குள் வரும்.

வேலையை ஆரம்பிக்கும் வரிசை முக்கியம். தொற்று இல்லாதவை முதலில், புதுசாக வந்தது கடைசியில். வரும் குட்டி எவ்வளவு துறுதுறுப்பாக இருந்தாலும் 14 நாள் தனியறைதான். அந்த அறைக்குத் தனிச் செருப்பு, தனி விளக்குமாறு, தனிக் கிண்ணம். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப்போக்கும் தரும் பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலை மட்டும் நம்ப முடியாது. முதலில் அழுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். பிளீச்சோடு ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், விஷப்புகை வரும்.

மாத்திரைக்கு வேகவைத்த கோழி ஈரல். முதல் துண்டு வெறுமனே, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவது மறுபடி வெறுமனே. மூன்றாவது வரப்போகிறது என்று தெரிந்தால் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். உண்ணிக் காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டோடு கொடுத்து மேலே தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும்; பாலிலோ தயிரிலோ வேண்டாம். நாலைந்து நாளில் வெள்ளையம்மா வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பலர் அங்கேதான் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். எங்களுக்கு டாக்டர் எழுதித் தந்தது 28 நாள். 28 நாளும் கொடுக்கிறோம். நமக்கு வைத்திருக்கும் பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ எந்த நாய்க்கும் தரக்கூடாது.

கருப்பிக்குத்தான் அதிக நேரம் போகிறது. அவளால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. ஒரு நாளைக்கு நாலு தடவை, சரியான இடைவெளியில், நாம்தான் எடுக்க வேண்டும். இதை டாக்டர் பக்கத்தில் நின்று காட்டித்தர, உங்கள் கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். நான் அவளை என் முழங்காலுக்கு நடுவில் நிற்கவைத்து, பின்னங்காலுக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைப்பேன். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி ஒன்று கைக்குத் தட்டுப்படும். மெதுவாக, விடாமல், வால் பக்கமாக அழுத்தினால் முதலில் சொட்டும், அப்புறம் சீராக வரும். அவள் தலையைத் திருப்பி என் கையை நக்குவாள். கல் மாதிரி இறுகி எதுவும் வராவிட்டால் மேலும் அழுத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சிறுநீர் கலங்கியிருந்தாலும் நாற்றம் மாறினாலும் அன்றே காட்ட வேண்டும். ரெக்சின் மெத்தை மேல் அம்மாவின் பழைய நூல் புடவையை மடித்துப் போட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறோம். இடுப்பெலும்பில் தோல் சிவந்தால் புண் வரப்போகிறது என்று அர்த்தம். கருப்பி கத்த மாட்டாள், அழ மாட்டாள். அவளைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மணியின் மாத்திரை 12 மணி நேரத்துக்கு ஒன்று. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் மோசமாகும். எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது என்பதால் பத்து நாளைக்கு மிச்சமிருக்கும்போதே வாங்கிவிடுகிறோம். வலிப்பு வந்தால் வாய்க்குள் கை வைக்காதீர்கள். நாற்காலியை நகர்த்தி, விளக்கை அணைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்தாலோ வண்டியை எடுங்கள். இன்னொன்று, வலிப்பு வந்து துடிக்கும் நாயை மற்ற நாய்கள் பாய்ந்து கடிக்கலாம். அதனால் நாங்கள் வெளியே போகும்போது மணி தனி அறையில்தான்.

மூவருமே ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டோம். அப்படியும் பல் பட்டால் 15 நிமிடம் சோப்பும் குழாய்த் தண்ணீருமாகக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஐந்தாவது நாய்க்குப் போன் வரும். கருப்பிக்கு நாலு தடவை கை வைக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சரி என்கிறேன். பல தடவை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அழுததும் உண்டு.

ஒரு நாய்க்கு வீடு அமைந்தால் அதன் பக்கங்களை நோட்டிலிருந்து கிழித்து, பத்து நாள் மாத்திரை, படுத்த புடவை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அனுப்புகிறேன். புடவையைத் துவைப்பதில்லை. புது வீட்டில் முதல் ராத்திரி எங்கள் வாசனை அதற்கு வேண்டும்.